ட்ரவுட் வாழாத ஆற்றின் பெருமீன்

ஒகேனக்கல்லில் ட்ரவுட் மீன் கிடையாது. கொண்டுவந்து விட்டாலும் ஒரு கோடையைத் தாண்டாது.

உலகெங்கும் தூண்டில் பிரியர்கள் எந்த மீனுக்காகப் பனி உருகி ஓடும் பேராறுகளில் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறார்களோ, அந்த மீனுக்குத் தர்மபுரி மாவட்டத்துக் காவிரி ஒத்துக்கொள்ளாது. காரணம் எளிய இயற்பியல். மீன் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை. 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். மீனின் உடல் வெப்பமோ சுற்றியுள்ள நீரின் வெப்பம்தான். தண்ணீர் சூடேறினால் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகள் வேகம் பிடிக்கும், ஆக்சிஜன் தேவையும் ஏறும். தேவை ஏறுகிற அதே நேரத்தில் வரவு குறைகிறது. ரெயின்போ ட்ரவுட்டுக்கு 10 முதல் 18 டிகிரி வரை சுகம்; 25 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பென்னாகரத்து மலைகளைக் குடைந்து வரும் காவிரி, சித்திரை வெயிலில் அந்த எல்லையை எளிதாகக் கடந்துவிடும்.

ஆனால் ட்ரவுட்டைவிடப் பல மடங்கு பெரிய, பல மடங்கு வலிமையான ஒரு மீன் இந்த ஆற்றுக்கே உரியதாக இருக்கிறது. திமில் மகசீர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தலைக்குப் பின்னால் முதுகு திடீரென மேடேறித் திமிலாக நிற்கும். வால் துடுப்பு ஆரஞ்சு நிறத்தில் மின்னும். 50 கிலோவுக்கு மேல் வளர்ந்த மீன்கள் பிடிபட்டிருக்கின்றன. காவிரியையும் அதன் கிளை ஆறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழவில்லை. கடல் கடந்து வந்த ட்ரவுட்டுக்கு இந்தியாவில் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூட இந்த மீனுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இதன் கதை.

ட்ரவுட்டின் கதையை முதலில் பார்த்துவிடலாம். இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1860-களிலேயே நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார். வெப்பமண்டலக் கடலைக் கடந்து மீனை உயிரோடு கொண்டுவருவது அந்தக் காலத்தில் லேசான காரியம் அல்ல, முயற்சி கைகூடவில்லை. இலங்கையின் நுவரெலியாவில் 1880-களில் ட்ரவுட் முட்டைகள் வந்து இறங்கின. காஷ்மீரில் 1900-இல் பிரவுன் ட்ரவுட் வேரூன்றியது. நீலகிரியில் வெற்றி கண்டவர் சென்னை அரசின் மீன் வளர்ப்பு நிபுணராக இருந்த எச்.சி. வில்சன். அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் எழுந்தது. இலங்கை, நியூசிலாந்து, ஜெர்மனி என்று பல இடங்களிலிருந்து முட்டைகளும் குஞ்சுகளும் வரவழைக்கப்பட்டன. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்து ஓடைகளின் குளிர் ரெயின்போ ட்ரவுட்டுக்குப் பிடித்துப்போனது. தமிழக மீன்வளத் துறையின் பொறுப்பில் அந்தப் பொரிப்பகம் இன்றும் இருக்கிறது. ஒரு வேற்று நாட்டு மீனுக்காகப் பொரிப்பகம், உரிமச் சீட்டு, பிடிக்கும் பருவம், அளவுக் கட்டுப்பாடு என்று ஒரு நிர்வாகமே உருவானது.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? பெரும்பாலும் ஒரு வகைத் தூண்டிலுக்காக.

நம்மூர்த் தூண்டிலில் நரம்பின் நுனியில் ஈயக்குண்டு இருக்கும். எறியும்போது குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ட்ரவுட் பிடிக்கும் ஃப்ளை தூண்டிலில் இது தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும் ரோமமும் கொண்டு செய்த ஒரு பொய்ப் பூச்சி; ஒரு கிராமில் சிறு பகுதிதான் எடை. அதை எறிய முடியாது, காற்றே தடுத்துவிடும். ஆகவே எடையைக் கயிற்றுக்கே கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் நரம்பு. அதன் முனையில் பூச்சி. கம்பைப் பின்னால் வீசி, கயிறு முழுவதும் நீளும்வரை காத்திருந்து, முன்னால் வீசி, சட்டென்று கையை நிறுத்த வேண்டும். கம்பு நின்றதும் கயிற்றின் கீழ்ப்பாதியும் நின்றுவிடும். மேல்பாதி மட்டும் ஒரு வளையமாக உருண்டபடி முன்னேறும். வளையம் உருள உருள, நகர்கிற கயிற்றின் நீளம் குறைகிறது. கை கொடுத்த ஆற்றல் மேலும் மேலும் சிறிய துண்டுக்குள் அடைபடுவதால் நுனியின் வேகம் குறையாமல் போகிறது. மாட்டு வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது நுனி மட்டும் வெடிப்பதும் இதே விதிப்படிதான். கடைசியில் காற்றின் தடை வேகத்தை விழுங்கிவிட, பூச்சி உண்மைப் பூச்சியின் மென்மையோடு நீர்மேல் இறங்குகிறது.

அந்தப் பொய்ப் பூச்சிக்குள் தென்னிந்தியா ஒளிந்திருக்கிறது என்பது இங்கே சொல்ல வேண்டிய செய்தி. பிரிட்டனில் சால்மனுக்கும் ட்ரவுட்டுக்கும் கட்டப்பட்ட புகழ்பெற்ற பூச்சிகள் பலவற்றில் கன்னத்தில் ஒரு பளபளப்பான வெண்மஞ்சள் புள்ளி இருக்கும். அது சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. இறகின் நுனி மெழுகு பூசியதுபோல் கெட்டியாகி, எனாமல் துளி வைத்ததுபோல் மின்னும். சேவல் இறகுக்காக அந்தப் பறவை ஏராளமாகக் கொல்லப்பட்ட காலம் உண்டு. இன்று இந்தியாவிலிருந்து அந்த இறகை ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் அங்கேயே வளர்க்கப்படும் கோழிகளின் இறகைத்தான் வாங்குகிறார்கள். ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காடுகளில் அந்தச் சேவல் இன்றும் விடியற்காலையில் கூவுகிறது.

ட்ரவுட் தூண்டில்காரரின் ஒரு நாள் பூச்சிகளின் கால அட்டவணைப்படி நடக்கும். ஒருநாள் பூச்சி என்று சொல்லத் தக்க மேஃப்ளையின் இளம் பருவம் ஆற்றுக் கல்லடியில் மாதக் கணக்கில் கழியும். சிறகு முளைத்து மேலே வந்த பிறகு அதற்கு வேலை செய்யும் வாய்கூடக் கிடையாது. இணைசேர்ந்து முட்டையிட்டு ஓரிரு நாளில் மடிந்துவிடும். காலையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது பூச்சிகள் அடியில்; அப்போது மூழ்கும் பொய்ப் பூச்சி. வெயில் ஏறி அவை மேலே எழும்போது மிதக்கும் பூச்சி. மாலையில் முட்டையிட்டுச் செத்து விழுவன மிதந்து வரும்போது வேறொன்று. ட்ரவுட் எந்த இடத்தில் நிற்கும் என்பதும் கணக்குத்தான். வேகமான ஓட்டத்தில் உணவு நிறைய மிதந்து வரும், ஆனால் எதிர்த்து நீந்தச் சக்தி செலவாகும். மெதுவான நீரில் செலவு இல்லை, வரவும் இல்லை. ஆகவே பாறையின் பின்னால், ஓட்டமும் தேக்கமும் உரசுகிற கோட்டில் மீன் நிற்கும். மூக்கு மேலாற்றைப் பார்த்திருக்கும்.

ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுகிறவர்களிடம் இதைச் சொன்னால் புதிதாகக் கேட்கமாட்டார்கள். எந்தப் பாறை இடுக்கில் எந்த மீன், எந்த மடுவில் எத்தனை ஆழம், எத்தனை தண்ணீர் வந்தால் எந்தத் துறை மறையும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். மகசீரும் அதே வரவு செலவுக் கணக்கைத்தான் போடுகிறது, இன்னும் பெரிய அளவில். கோடையில் பாறைச் சரிவுகளுக்குக் கீழே உள்ள ஆழமான மடுக்களில் தங்கும். தென்மேற்குப் பருவமழையில் குடகிலும் வயநாட்டிலும் பெய்த தண்ணீர் செந்நிறமாக வரும்போது மேலாற்றை நோக்கி ஏறும். கூழாங்கல் படிந்த ஓட்டத்தில் முட்டையிடும்.

அதன் உடல் அந்த வாழ்க்கைக்கென்றே செய்யப்பட்டது. தாடையில் பல் இல்லை. தொண்டைக்குள் மூன்று வரிசையாகப் பற்கள். நண்டு, நத்தை, சிப்பி எல்லாவற்றையும் அங்கே நொறுக்கும். தடித்த உதடுகள் முன்னால் நீண்டு கல்லடியைத் துழாவும். உள்ளங்கை அகலச் செதில்கள் பெரிய மீனின் உடலில் கவசமாக நிற்கும். கரையில் நிற்கும் அத்தி, நாவல் மரங்களின் பழம் தண்ணீரில் விழுந்தால் அதையும் விடாது. சிறு மீனும் அதற்கு உணவுதான். இத்தனை வகை உணவு உண்ணும் மீனுக்குச் சின்னஞ்சிறு பொய்ப் பூச்சி போதுமா என்று கேட்கலாம். சிறிய மகசீர் ஃப்ளை தூண்டிலிலும் சிக்கும். ஆனால் காவிரியின் பெருமீனைக் கொண்டுவந்தது ராகி. ராகி மாவை வேகவைத்துக் கெட்டியாகப் பிசைந்து, வாசனைக்கு மசாலா சேர்த்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, பெரிய முள்ளை அதற்குள் புதைத்து எறிவார்கள். தர்மபுரி வீடுகளில் களி கிண்டும் அதே ராகி. பாறைக்கு நடுவே ஈயக்குண்டு சிக்கிக்கொள்ளாமல் இருக்க, ஈயக் கம்பியை நரம்பைச் சுற்றி முறுக்கிவிடுவார்கள். மீன் கடித்ததும் ஒரே ஓட்டமாக நூறு, நூற்றைம்பது மீட்டர் கீழாற்றில் பாயும். தூண்டில்காரர் பரிசலில் ஏறிப் பின்தொடர வேண்டியதுதான்.

இந்த வலிமையை எழுத்தில் பதித்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். தென் கன்னட மாவட்டக் கலெக்டராக இருந்த அவர் 1873-இல் மங்களூரில் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி வெளியிட்ட நூலில், அளவுக்கு அளவு பார்த்தால் சால்மனைவிட மகசீரே வல்லது என்று வாதாடினார். அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு அது பெரிய வார்த்தை. தாமஸ் வேட்டைக்காரர் மட்டுமல்ல. ஆற்றில் நஞ்சு கலப்பதையும் குஞ்சு மீன்களை வாரிக் கொட்டுவதையும் நிறுத்த வேண்டும் என்று அவரும் பிரான்சிஸ் டேவும் 1870-களில் அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார்கள். நஞ்சையும் வெடியையும் தடைசெய்யும் இந்திய மீன்பிடிச் சட்டம் 1897-இல்தான் வந்தது. தோட்டா போட்டு மீன் பிடிப்பது நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றம் என்பதைக் காவிரிக் கரையில் இன்றும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஒரு மடுவில் ஒரு தோட்டா வெடித்தால் நீரின் அதிர்ச்சி அலை மீன்களின் காற்றுப்பையைக் கிழித்துவிடும். மேலே மிதப்பவை சில; அடியில் படிந்து வீணாகப் போவன பல.

1946-இல் காவிரியின் கிளையான கபினியில், மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்வதில் பெயர் பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். தூண்டில் உலகில் அந்த எடை இன்றுவரை பேசப்படுகிறது.

பிறகு ஒரு நீண்ட மௌனம். இந்த மீன் அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்திருந்த நிலையில், 1970-களின் பிற்பகுதியில் பிரிட்டனிலிருந்து வந்த தூண்டில்காரர்கள் காவிரியில் பெரிய மகசீர்களைப் பிடித்துக் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோர் ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் உருவாயின. விதி ஒன்றுதான்: பிடித்த மீனை எடைபோட்டு, குறிப்பெழுதி, உயிரோடு ஆற்றில் விட வேண்டும். முன்பு தோட்டா போட்டவர்களும் வலை வைத்தவர்களும் அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலைக்குச் சேர்ந்தார்கள். மீன் செத்தால் ஒருநாள் குழம்பு, உயிரோடு இருந்தால் ஆண்டு முழுவதும் கூலி என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது.

பிடித்து விடுவது மீனுக்கு வலியில்லாத விளையாட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நீண்ட போராட்டத்தில் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். காற்றில் தூக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் செவுள்கள் ஒட்டிக்கொண்டு மூச்சுத் திணறும். தண்ணீர் சூடாக இருந்தால் மீள்வது இன்னும் கடினம். எதிர்முள் இல்லாத தூண்டில் முள், நீரிலேயே வைத்து எடைபோடுதல், மூக்கை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து மெல்ல விடுதல் ஆகியவை அந்தச் சேதத்தைக் குறைக்கும்.

அந்த முகாம்களின் உண்மையான மதிப்பு பின்னால்தான் தெரிந்தது. கலிபோர் முகாமின் குறிப்பேடுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் எடுத்து அலசி 2015-இல் கட்டுரை வெளியிட்டார்கள். 1998 முதல் 2012 வரை 23,000 மணி நேரத்துக்கும் மேலான தூண்டில் உழைப்பு. 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்கள். மிகப் பெரியது ஏறத்தாழ 47 கிலோ. மேலோட்டமாகப் பார்த்தால் மகிழ்ச்சியான செய்தி. ஆண்டுக்கு ஆண்டு பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. காவல் பலித்திருக்கிறது, மீன் பெருகியிருக்கிறது.

ஆனால் அந்தக் குறிப்பேடுகளில் தூண்டில்காரர்கள் இரண்டு வகை மகசீரைப் பிரித்து எழுதியிருந்தார்கள். பெருகியது நீலத் துடுப்பு மகசீர். ஆரஞ்சு வாலும் திமிலும் கொண்ட காவிரி மகசீரின் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. அதைவிடக் கவலைக்குரியது, பிடிபட்ட சில திமில் மகசீர்களும் பெரியவையாகவே இருந்தன. சிறிய மீன்கள் வரவில்லை. ஓர் ஆற்றில் பெரிய மீன் மட்டும் இருந்து குஞ்சும் இளமீனும் காணாமல் போனால், புதிய தலைமுறை பிழைத்து வரவில்லை என்றுதான் பொருள். கிழடுகள் சாகும்வரை எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பிறகு ஒரேயடியாக வெறுமையாகிவிடும்.

அந்த நீலத் துடுப்பு மீன் எங்கிருந்து வந்தது? அக்கறையிலிருந்து வந்தது. அதன் சொந்த ஊர் கிருஷ்ணா நதியின் மேல்பகுதி. 1839-இல் புனே வட்டாரத்து மீனை வைத்து விவரிக்கப்பட்டது. மகசீர் அழிந்துவருகிறது என்ற கவலையில் டாடா மின் நிறுவனம் லோனாவாலாவில் பொரிப்பகம் அமைத்தது. சி.வி. குல்கர்னி போன்ற வல்லுநர்கள் அந்த மீனின் முட்டையைப் பிதுக்கி எடுத்துச் செயற்கையாகக் கருவுறச் செய்யும் முறையைச் செப்பனிட்டார்கள். லட்சக்கணக்கில் குஞ்சுகள் கிடைத்தன. நாட்டின் பல ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் அனுப்பப்பட்டன. காவிரிக்கும் 1970-களிலிருந்து அவை வந்துசேர்ந்தன. மகசீர் என்றால் ஒரே மகசீர் என்ற எண்ணம்தான் காரணம். வந்த மீன் வேகமாகப் பெருகியது. அதே இடம், அதே உணவு. ஆற்றுக்கு உரிய மீன் ஒதுங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலை, எந்த மீனைக் காக்க வேண்டுமோ அதற்கே இடைஞ்சலாகிவிட்டது. இந்திய நன்னீர்ப் பாதுகாப்பு வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு கொடுமை, அந்தத் திமில் மீனுக்கு அறிவியல் பெயரே உறுதியாக இல்லாமல் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாகப் படம் பிடித்தார்கள், தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டினார்கள். எந்த இனம் என்பது மட்டும் தீரவில்லை. பெயர் இல்லாத உயிரினத்தைச் சர்வதேச அழிவு நிலைப் பட்டியலில் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாததற்குப் பணமும் திட்டமும் வராது. முடிச்சு அவிழ்ந்தது 2018-இல். கேரளத்தின் பாம்பாறு, கிழக்கே பாய்ந்து அமராவதி வழியாகக் காவிரியில் சேரும் ஆறு. அங்கே கிடைத்த ஒரு மகசீரை மதுசூதன குரூப்பும் ராதாகிருஷ்ணனும் ஏற்கெனவே புதிய இனமாக விவரித்து, டோர் ரெமாதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரெமாதேவியைச் சிறப்பிக்கும் பெயர் அது. காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாற்றில் கிடைத்த திமில் மகசீரின் உருவமும் மரபணுவும் அதோடு பொருந்தின. இரண்டும் ஒரே மீன். அதே 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. புலிக்கும் யானைக்கும் கொடுத்திருப்பதைவிட ஒரு படி மேலான அபாய நிலை. அதுவரை அருகிவரும் இனப் பட்டியலில் இருந்த நீலத் துடுப்பு மகசீரோ அச்சமில்லாத நிலைக்கு மாற்றப்பட்டது.

இதற்கிடையில் முகாம்களில் தூண்டில் நின்றுபோயிருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் உயிரினத்தைப் பிடிப்பது வேட்டை. பிடித்து விட்டாலும் பிடித்தது பிடித்ததுதான் என்ற விளக்கம் வந்ததும் 2012-ஐ ஒட்டி அனுமதி முடிந்தது. சட்டத்தின் எழுத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தூண்டில் நின்ற அன்றே கணக்கும் நின்றது. அதற்குப் பிறகு அந்த மடுக்களில் எத்தனை மீன் இருக்கிறது என்பதை ஆண்டு தவறாமல் எழுதிவைக்க யாரும் இல்லை.

ஒகேனக்கல், அந்த முகாம்கள் இருந்த ஆற்று நீட்சியின் கீழ்முனை. பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குள் நுழையும் காவிரி இங்கே பாறைகளுக்குள் கிளை கிளையாகப் பிரிந்து விழுகிறது.   ஆழமான மடு, வேக ஓட்டம், கூழாங்கல், கரையெங்கும் நீர்மருது. மகசீர் கேட்கும் எல்லாம் இங்கே உண்டு. நீர்நாயும் முதலையும் நரை அணிலும் வாழும் இந்தக் காட்டின் ஒரு பகுதி, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக 2014-இல் அறிவிக்கப்பட்டது. 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் சேர்ந்தது.

ஆனால் கீழே மேட்டூர் அணை. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. 120 அடி, 93.47 டி.எம்.சி. டெல்டாவுக்கு அது உயிர். மீனுக்கு அது சுவர். கடலிலிருந்து ஏறிவந்து கொண்டிருந்த உல்லம் மீன் மேலே வருவது அதோடு நின்றது. ஓடும் நீர் தேங்கும் நீரானதும், கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபி பெருகியது. ஒகேனக்கல் கடைகளில் மஞ்சளும் மிளகாய்த் தூளும் தடவி எண்ணெயில் பொரிகிற மீன்களில் பல இந்த ஆற்றுக்கு விருந்தாளிகள். அது பரிசல்காரர்களின் தவறு அல்ல. வலையில் எது விழுகிறதோ அதைக் கொண்டுதான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். மேலே மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் திட்டமிடுகிறது. அதைச் சுற்றிய விவாதம் இரு மாநிலங்களின் தண்ணீரைப் பற்றியே பேசுகிறது. அந்த அணை எழுந்தால் திமில் மகசீர் கடைசியாக அதிகம் பதிவான ஓட்டம் தேக்கமாகிவிடும் என்பதையும் யாராவது அந்த மேடையில் சொல்ல வேண்டும்.

தமிழ் நாளிதழ்களில் ஒகேனக்கல் நீர்வரத்து அடிக்கடி வரும் செய்தி. விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, பரிசல் இயக்கத் தடை, குளிக்கத் தடை, தடை நீக்கம். தண்ணீரை அளப்பதில் இவ்வளவு துல்லியம் காட்டும் ஏற்பாடு, அந்தத் தண்ணீரில் வாழும் அரிய மீனுக்கு ஓர் ஏடுகூட வைக்கவில்லை. இது பணம் இல்லாமல் நடக்காத வேலை அல்ல. மீன் இறங்கும் துறைகளில் ஒரு குறிப்பேடு, ஒரு தராசு, வால் துடுப்பின் நிறம் தெரியும் ஒரு செல்பேசிப் படம் போதும். கலிபோரில் பதினைந்து ஆண்டு ஆய்வுக்கு மூலப்பொருளாக இருந்தது அவ்வளவுதான். உயிரோடு கிடைக்கும் மீனின் துடுப்பு நுனியில் மிகச் சிறிய துணுக்கை வெட்டி எடுத்தால் இனத்தை உறுதிசெய்யும் மரபணு கிடைத்துவிடும். மீனுக்கு அது பெரிய காயமல்ல. மீனைப் பார்க்காமலேயே தேடவும் வழி வந்துவிட்டது. மீன் உதிர்க்கும் செதில், சளி, கழிவு ஆகியவற்றிலிருந்து கசியும் மரபணு தண்ணீரில் கலந்திருக்கும். சில லிட்டர் நீரை வடிகட்டி ஆய்வகத்தில் சோதித்தால் அந்த இனம் அந்த நீட்சியில் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். தர்மபுரி, சேலம் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளும் மீன்வளப் பல்கலைக்கழகமும் கைகோத்தால் ஒரு பருவத்தில் முதல் வரைபடம் தயாராகும்.

அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மகசீரைக் காக்கிறோம் என்று சொல்லி, எந்த இனம் என்று பார்க்காமல் வெளியூர்ப் பொரிப்பகக் குஞ்சுகளைக் காவிரியிலும் அதன் ஓடைகளிலும் விடுவதை நிறுத்த வேண்டும். விடுவதானால் மோயாற்றுத் திமில் மகசீரின் வாரிசுகளை மட்டும், மரபணுவைச் சரிபார்த்த பிறகு விட வேண்டும்.

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்களும் உதவலாம். கடையிலோ பரிசலிலோ பெரிய செதிலும், தலைக்குப் பின் எழும்பிய முதுகும், ஆரஞ்சு வாலும் கொண்ட கெண்டையைப் பார்த்தால் விலை பேசாதீர்கள். ஒரு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, தர்மபுரி மீன்வளத் துறை அலுவலகத்திலோ வனத்துறையிலோ கொடுத்துவிடுங்கள்.